உங்களுக்காக யார் ஃபோனை எடுப்பார்கள்?

வக்கீல் அலுவலகங்களைத் தரவரிசைப்படுத்தும் டைரக்டரி ஒன்றில் எங்கள் அலுவலகத்துக்கு முதன்முதலாக இடம் கிடைத்த அன்று நான் எக்செல் ஷீட்டில் ஒரு ஃபோன் நம்பரைத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்களிடம் வழக்கு கொடுத்திருந்த கட்சிக்காரர் ஒருவர் வேலை மாறிப் போயிருந்தார்; அவருடைய பழைய நம்பரே எங்கள் பட்டியலில் கிடந்தது. பக்கத்து அறையில் கைதட்டல் கேட்டது. யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் சீனியர் என் அறைக் கதவைத் தட்டி, "வந்துடுச்சும்மா, நாலாவது பேண்ட்" என்றார். முகத்தில் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பேண்ட் என்பது தரவரிசையில் ஒரு படி, ஒன்று என்பது உச்சம். நாங்கள் நாலாவதுதான். ஆனால் அதற்கு முந்தைய 3 வருடமும் பட்டியலிலேயே நாங்கள் இல்லை.

நான் வழக்காடும் வக்கீல். விருது, தரவரிசை, 'சப்மிஷன்' என்று நாங்கள் சொல்லும் விண்ணப்பம், இதெல்லாம் என் வேலையாக இருந்ததில்லை. ஒரு வருடம், கடைசித் தேதிக்கு 9 நாள் இருக்கும்போது, "நீதான் நல்லா எழுதுவியே, இதையும் ஒரு பார்வை பாரும்மா" என்று சீனியர் ஒரு ஃபைலை நீட்டினார். அன்று வாங்கியதை இன்னும் கீழே வைக்கவில்லை. பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற நடுத்தர அலுவலகங்களில் எழுதத் தெரிந்தவர் யாரோ அவர் தலையில்தான் விழும்.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பது வக்கீல்களிலேயே பலருக்குச் சரியாகத் தெரியாது. தொழிலில் அதிகம் மதிக்கப்படும் டைரக்டரிகளில் லீகல் 500 என்பது 1987-இலும், சேம்பர்ஸ் என்பது 1990-இலும் இங்கிலாந்தில் தொடங்கியவை. துறைவாரியாக விண்ணப்பிக்க வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் செய்த முக்கியமான வேலைகள், அவற்றை யார் யார் செய்தார்கள், எங்களைப் பற்றிப் பேசக்கூடியவர்களின் பெயர், ஈமெயில், ஃபோன் நம்பர் எல்லாம் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வகை ஆட்களை 'ரெஃபரி' என்பார்கள். நாங்கள் முதலில் விண்ணப்பித்தபோது சேம்பர்ஸில் ஒரு துறைக்கு 20 ரெஃபரி வரை கொடுக்க முடிந்தது. டைரக்டரியின் ஆராய்ச்சியாளர்கள் அவர்களைத் தொடர்புகொண்டு கேட்பார்கள். அதே துறையில் இருக்கும் மற்ற அலுவலகங்களின் வக்கீல்களிடமும் எங்களைப் பற்றி விசாரிப்பார்கள். இவற்றையெல்லாம் வைத்துத்தான் பேண்ட் 1, பேண்ட் 2 என்று பிரிப்பார்கள். தரவரிசைக்குக் காசு கிடையாது. இடம் கிடைத்தபின் விரிவான அறிமுகப் பக்கம் வேண்டுமானால் அதை விலைக்கு விற்பார்கள். வாங்காவிட்டாலும் தரவரிசை அப்படியே இருக்கும்.

இது புதிய வழக்கமும் அல்ல. அமெரிக்காவில் ஜேம்ஸ் மார்ட்டின்டேல் என்பவர் 1868-இல் வக்கீல்களின் டைரக்டரி ஒன்றை வெளியிட்டார். தூரத்து ஊரில் பாக்கி வசூலிக்க வேண்டிய வியாபாரிக்கும் வங்கிக்காரருக்கும் அந்த ஊரில் நம்பிக்கையான வக்கீல் யார் என்று தெரிய வேண்டுமே, அதற்காக. பின்னாளில் அது மார்ட்டின்டேல்-ஹபெல் ஆனது. அவர்கள் தரும் மதிப்பீட்டில் 'ஏவி' என்பது உச்சம். 'ஏ' திறமைக்கு, 'வி' நேர்மைக்கு. சக வக்கீல்கள் நேர்மைக்கு 'வி' தராவிட்டால் திறமையைப் பற்றிய பேச்சே எழாது. முதலில் ஆள் எப்படி, அப்புறம் வேலை எப்படி. இந்த வரிசை எனக்குப் பிடிக்கும்.

முதல் வருடம் நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

20 ரெஃபரி கொடுக்கலாம் என்றதும் எங்களிடம் இருந்த பெரிய பெயர்களையெல்லாம் அள்ளிப் போட்டேன். நிர்வாக இயக்குநர்கள், தலைவர்கள், ஒரு நிறுவனத்தின் முன்னாள் தலைவர். பட்டியலைப் பார்த்தாலே பிரமிப்பாக இருக்கும். பார்ட்னர்கள் எல்லோருக்கும் சந்தோஷம். 20 பேரில் எங்களுக்குத் தெரிந்து 3 பேர்தான் பதில் கொடுத்தார்கள். மற்றவர்களுடைய உதவியாளர்கள் அந்த மெயிலை எந்த ஃபோல்டரில் போட்டார்களோ. பதில் கொடுத்த 3 பேரில் ஒருவரிடம் ஆராய்ச்சியாளர் பேசியிருக்கிறார். "நல்ல ஆளுங்கதான், எங்க லீகல் டிபார்ட்மெண்ட்ல கேட்டா தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். அவரே பின்னர் ஒரு நிகழ்ச்சியில் என்னிடம் பெருமையாகச் சொன்னார், பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்து.

தப்பு அவர் மேல் இல்லை. எங்கள் வேலை அவருக்குத் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு, "மேடம், நாளைக்குக் காலையில போர்டு மீட்டிங், அந்த நோட்டீஸுக்கு என்ன பதில் சொல்றது?" என்று கூப்பிடுகிறவர் வேறு. அந்த நிறுவனத்தின் சட்டப் பிரிவில் இருக்கும் மேலாளர். இன்னொரு இடத்தில் அக்கவுண்ட்ஸ் தலைவர். மற்றொன்றில் மனிதவளத் துறையில் இருக்கும் ஒரு பெண்மணி. தொழிலாளர் வழக்கு ஒன்றில் எங்களோடு 14 மாதம் மல்லுக்கட்டியவர், எங்கள் பதில் மனுவின் ஒவ்வொரு பத்தியும் அவருக்கு மனப்பாடம். இவர்கள் யாருடைய பெயரும் எங்கள் முதல் பட்டியலில் இல்லை.

அடுத்த வருடம் வேறு மாதிரி செய்தேன். பட்டியல் போடுவதற்கு முன் எங்கள் ஜூனியர்களைக் கூப்பிட்டு, "போன வருஷம் உங்க செல்லுல அதிகமா வந்த நம்பர் யாருது?" என்று கேட்டேன். பார்ட்னர்களிடம் கேட்டிருந்தால் பழைய பட்டியல்தான் திரும்ப வந்திருக்கும். ஜூனியர்கள் சொன்ன பெயர்களில் பாதியைச் சீனியர் கேள்விப்பட்டதே இல்லை.

அந்த 20 பேரிடமும் முன்கூட்டியே நாங்களே பேசினோம். "இந்த மாதிரி ஒரு மெயில் வரும், ஸ்பேமில் போய் விழலாம், பத்து நிமிஷம் ஆகும். உங்களுக்கு விருப்பமில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க, பேரை எடுத்துடறோம்" என்றோம். 5 பேர் வேண்டாம் என்றார்கள். அதில் 2 பேருடைய நிறுவனக் கொள்கை அனுமதிக்காது. மீதி 3 பேர் காரணம் சொல்லவில்லை. அந்த 3 பேரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். வேலை நன்றாக முடிந்திருக்கிறது, பில் தீர்ந்திருக்கிறது, ஆனால் எங்களுக்காகப் பத்து நிமிடம் பேச மனம் வரவில்லை. ஏன்? ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டேன். சுற்றி வளைத்துச் சொன்னார். வழக்கு ஜெயித்ததை அவர் எங்களிடமிருந்து தெரிந்துகொள்ளவில்லை. எதிர்த்தரப்பு நிறுவனத்தில் இருந்த நண்பர் ஃபோன் செய்து சொல்லித்தான் தெரிந்ததாம். உத்தரவு நகல் கையில் வரட்டும், முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லலாம் என்று நாங்கள் 4 நாள் காத்திருந்தோம். நாங்கள் அதை ஒழுங்கு என்று நினைத்தோம். தன் மேலதிகாரி முன்னால் அவர் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் வந்தது. கோர்ட்டை விட்டு வெளியே வந்ததும், வாய்தா ஆனாலும் சரி, தோற்றாலும் சரி, வராந்தாவிலேயே நின்று கட்சிக்காரருக்கு இரண்டு வரி. "இன்று இது நடந்தது. அடுத்த தேதி இது. விவரம் மாலையில்." அவ்வளவுதான். விண்ணப்பம் எழுதும் திறமையைவிட இந்த இரண்டு வரிதான் எங்களை பேண்டுக்குள் கொண்டு வந்தது என்பது என் கணிப்பு. நிரூபிக்க முடியாது.

வேலைகளை விவரித்து எழுதுவதிலும் முதல் வருடம் சொதப்பல்தான். வக்கீலுக்கு அடைமொழி மேல் ஒரு காதல் உண்டு. நான் எழுதியிருந்தது இப்படி: "மிகச் சிக்கலான, முன்னுதாரணம் இல்லாத ஒப்பந்தத் தகராறில் எங்கள் குழு அயராது பாடுபட்டு அபாரமான வெற்றியை ஈட்டித் தந்தது." படிக்க ஜோராக இருக்கிறது. ஒன்றும் தெரியவில்லை. யார் யாரோடு சண்டை போட்டார்கள்? எதற்கு?

அதையே அடுத்த வருடம் இப்படி மாற்றினேன்: "இயந்திரம் வாங்கியவர் எங்கள் கட்சிக்காரர். சப்ளை தாமதமானது. தாமதத்துக்கான இழப்பீட்டுக்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு இருந்தது. தெரிந்தே செய்த தாமதத்துக்கும் அந்த வரம்பு பொருந்துமா என்பதுதான் வழக்கு. சப்ளையர் தன் ஆட்களை வேறொரு வேலைக்கு அனுப்பிவிட்டதை 2 மாதத் தளக் குறிப்பேட்டிலிருந்து நாள்வாரியாக எடுத்துக் காட்டினோம். வரம்பு பொருந்தாது என்று நடுவர் மன்றம் ஏற்றது. குறிப்பேட்டு ஆய்வைச் செய்தவர் எங்கள் ஜூனியர்." அடைமொழி ஒன்றுகூட இல்லை. படிக்கிற ஆராய்ச்சியாளர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. அவர் முன்னால் இதுபோல நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் இருக்கும். முடிச்சு எது, யார் எப்படி அவிழ்த்தார்கள், கடைசியில் என்ன ஆனது என்று ஒரே மூச்சில் புரிந்தால் போதும்.

இந்த வரைவைப் படித்த சீனியர் கடைசி வரியில் நின்றுவிட்டார். "ஜூனியர்னு தனியா போடணுமா? டீம்னு போட்டா பத்தாதா?" என்றார். "குறிப்பேட்டை யார் சார் படிச்சது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்து 'எங்கள் ஜூனியர்' என்ற இடத்தில் அந்தப் பையனின் பெயரை எழுதினார்.

எல்லாப் பார்ட்னர்களும் அப்படி இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் போனால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். விண்ணப்ப காலத்தில் எங்கள் அலுவலகத்தில் நடக்கும் சண்டை வருடம் முழுக்க நடக்காது. யார் பெயர் முதலில், யாருக்கு எத்தனை வேலை கணக்கு, வாதாடியவர் பெயரா, கட்சிக்காரரைக் கொண்டு வந்தவர் பெயரா. ஒரு பார்ட்னர் தன் பெயரே இல்லாத வழக்குக் கட்டைக் கொண்டுவந்து, "இதுல நான்தான் ஸ்ட்ராட்டஜி" என்றார். முதல் தரவரிசையில் தனிநபர்களாக 2 பேர் மட்டும் இடம்பெற்றபோது இடம்பெறாத ஒருவர் 3 வாரம் என்னோடு பேசவில்லை. நான் என்ன தரவரிசைக் கமிட்டியா? அந்தச் சண்டைகளுக்கு மருந்து ஒன்றைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன். வருடக் கடைசியில் நினைவிலிருந்து எழுதக் கூடாது. ஒவ்வொரு வேலையும் முடிந்த வாரத்திலேயே அரைப் பக்கம்: என்ன பிரச்சினை, என்ன செய்தோம், யார் எந்தப் பகுதியைச் செய்தார், இதை வெளியே சொல்லலாமா கூடாதா. சூட்டோடு எழுதும்போது யாரும் அவ்வளவாகக் கதை விட மாட்டார்கள்.

வெளியே சொல்லலாமா கூடாதா என்ற அந்தக் கடைசிக் கேள்வியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். விண்ணப்பப் படிவத்தில் வெளியிடத்தக்க வேலைகளுக்கு ஒரு பகுதி, ரகசியமானவற்றுக்குத் தனிப் பகுதி. மூன்றாவது வருடம், சமரசத்தில் முடிந்த ஒரு தகராறு. தொகையை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது உடன்பாட்டிலேயே இருந்தது. ரகசியப் பகுதியில் இருக்க வேண்டிய அந்தப் பத்தியை, தொகையோடு, நான் வெளியிடத்தக்க பகுதியில் ஒட்டிவிட்டேன். அனுப்பியது சாயங்காலம் 6 மணிக்கு. கண்ணில் பட்டது அடுத்த நாள் காலை, வீட்டிலிருந்து கிளம்பும்போது, செல்லில் சும்மா ஒரு தடவை புரட்டிப் பார்த்தபோது. கை சில்லிட்டுப் போனது.

டைரக்டரிக்கு உடனே எழுதினேன், திருத்திய பிரதியை மாற்றிக்கொண்டார்கள். எதுவும் அச்சாகவில்லை. விஷயம் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். சீனியர் விடவில்லை. "கட்சிக்காரருக்குச் சொல்லணும்" என்றார். "வெளியே போகலையே சார்" என்றேன். "நம்ம ஆபீஸை விட்டு வெளியே போயிடுச்சில்ல?" என்று சொல்லிக்கொண்டே ஸ்பீக்கரில் நம்பரை அழுத்திவிட்டார். எதிர்முனையில் அந்த அம்மா முழுதாகக் கேட்டார். நீண்ட மௌனம். "சொன்னதுக்கு நன்றி சார். இனிமே எங்க பேரை எந்த லிஸ்ட்லயும் போடாதீங்க" என்றார். இன்றுவரை வேலை தருகிறார். இன்றுவரை அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எங்களைப் பற்றி மிக நன்றாகப் பேசக்கூடிய ஒரு ரெஃபரியை அப்படி நான் இழந்தேன். இப்போது ஒரு வேலையின் பெயர் விண்ணப்பத்தில் ஏறுவதற்கு முன், வரைவுப் பத்தியை அப்படியே கட்சிக்காரருக்கு அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்குகிறோம். இழுத்தடிக்கும் வேலைதான். கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது தொழிலின் அரிச்சுவடி. அதை விருது ஆசையில் மறந்தேன் என்று வெளியே சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது.

கட்சிக்காரர் பக்கம் இப்படி. சக வக்கீல்கள் பக்கம் வேறு கதை. அதற்கு விண்ணப்பத்தில் எழுத ஒன்றுமே இல்லை.

பெஸ்ட் லாயர்ஸ் என்று ஒரு பட்டியல், 1980-களில் அமெரிக்காவில் தொடங்கியது. அதில் ஓட்டுப் போடுகிறவர்களே வக்கீல்கள்தான். அவர்கள் முன் வைக்கப்படும் கேள்வியின் சாரம்: உங்களால் ஒரு வழக்கை எடுக்க முடியாவிட்டால் அதை இவரிடம் அனுப்புவீர்களா? இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது வெறும் பேச்சு இல்லை. ஒரே அலுவலகம் இரு தரப்புக்கும் ஆஜராக முடியாது. பழைய கட்சிக்காரருக்கு எதிரான வழக்கு வந்தாலும் பெரும்பாலும் கைகழுவ வேண்டியிருக்கும். அப்போது வந்தவர், "வேற யார்கிட்ட போகட்டும்?" என்று கேட்பார். அந்த நேரத்தில் ஒரு வக்கீலின் வாயில் எந்தப் பெயர் வருகிறதோ, சக வக்கீல்கள் தரும் அங்கீகாரம் என்று நான் அதைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் சேர்ந்த புதிதில் நடந்தது ஒன்று. மறுநாள் இறுதி வாதம். எதிர்த்தரப்பு தாக்கல் செய்திருந்த ஆவணக் கட்டை நான் பக்கம் பக்கமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 212-க்குப் பிறகு 215. இரண்டு பக்கம் இல்லை. அவர்கள் வாதத்துக்கு முக்கியமான கடிதத்தின் நடுப் பக்கங்கள் அவை. எங்கள் கட்சிக்காரரின் கோப்பில் அந்தக் கடிதத்தின் முழு நகல் இருந்தது. பெரிய புதையல் கிடைத்த மாதிரி சீனியரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "கட்சிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, அந்த ரெண்டு பக்கத்தையும் அவங்களுக்கு இப்பவே அனுப்பு" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. "நாளைக்கு அவங்க எப்படியும் கண்டுபிடிப்பாங்க, நேரம் கேப்பாங்க, வாய்தா போகும். நம்ம கட்சிக்காரர் ரெண்டு வருஷமா காத்திருக்கார். எதிர்த்தரப்பு ஜெராக்ஸ்காரன் பண்ணின தப்பால நாம ஜெயிக்க வேண்டாம்" என்றார். கட்சிக்காரரும் சரி என்றார். அனுப்பினேன். மறுநாள் வாதம் நடந்தது. நாங்கள் தோற்றோம். ஆமாம், தோற்றோம், அந்த இரண்டு பக்கத்தால் அல்ல என்று சீனியர் இன்றும் சொல்வார், எனக்கு முழுச் சம்மதம் இல்லை.

அன்று எதிரில் நின்ற வக்கீல், 6 வருடம் கழித்து ஒரு பெரிய கட்டுமானத் தகராறை எங்களுக்கு அனுப்பினார். அவரால் எடுக்க முடியாத வழக்கு. எங்கள் விண்ணப்பத்தில் அந்த வருடம் முதல் வேலையாக இருந்தது அதுதான்.

இன்னொன்று. ஆராய்ச்சியாளர் பார்ட்னர்களிடம் பேசும்போது, இந்தத் துறையில் வேறு யாரை மதிக்கிறீர்கள் என்றும் கேட்பார். முதல் தடவை எங்கள் ஆட்கள் அந்தக் கேள்வியில் மழுப்பிவிட்டார்கள், போட்டிக்காரனை ஏன் தூக்கிவிட வேண்டும் என்று. சீனியர் மட்டும் 4 பெயர் சொன்னார். ஒவ்வொருவரையும் எந்த வழக்கில் எதிரில் பார்த்தார், அவர் செய்ததில் எது தன்னை அசத்தியது என்று விவரமாக. பேசி முடித்தபின் என்னிடம், "எதிரி யாருன்னு சரியா சொல்லத் தெரியாதவன் அந்தத் துறையில இருக்கான்னு யார் நம்புவா?" என்றார்.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. "வாழ்த்துகள்! இந்த ஆண்டின் தலைசிறந்த சட்ட நிறுவனமாக நீங்கள் தேர்வாகியுள்ளீர்கள்" என்று வாரம் ஒரு மெயிலாவது வரும். நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. யாரும் எங்கள் கட்சிக்காரரிடம் பேசவில்லை. அடியில் ஒரு கட்டண விவரம்: கோப்பைக்கு இவ்வளவு, லோகோ பயன்படுத்த இவ்வளவு, இரவு விருந்தில் மேஜைக்கு இவ்வளவு. எனக்கு முந்தைய காலத்தில் எங்கள் அலுவலகமும் ஒரு தடவை ஏமாந்திருக்கிறது. அந்தக் கண்ணாடிக் கோப்பை இப்போது நூலகக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நல்ல கனம். நான் பார்ப்பது இரண்டே விஷயம். எங்களைப் பற்றி யாரிடமாவது கேட்டார்களா? பணம் கொடுக்காவிட்டாலும் அந்த இடம் எங்களுக்கு உண்டா? இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்றால் மெயிலை அழித்துவிடுவேன்.

கிடைத்த அங்கீகாரத்தை எங்கே எப்படிச் சொல்லலாம் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1977-இல் பேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வக்கீல்கள் விளம்பரம் செய்வதை அடியோடு தடுக்க முடியாது என்றது. அப்படியும் 2006-இல் நியூ ஜெர்சியில் ஒரு குழு, 'சூப்பர் லாயர்ஸ்', 'பெஸ்ட் லாயர்ஸ்' போன்ற பட்டங்களை விளம்பரத்தில் போடக் கூடாது என்று கருத்துச் சொன்னது. 2008-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்தியாவில் பார் கவுன்சிலின் விதி 36 வேலை தேடி விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2008-இல் வந்த திருத்தம் பெயர், முகவரி, பதிவு விவரம், தகுதி, தொழில் செய்யும் துறை போன்ற சிலவற்றை மட்டும் இணையதளத்தில் போட இடம் கொடுத்தது. பேண்ட் கிடைத்த சந்தோஷத்தில் லோகோவை எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டு ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது அழகில்லை. விதியைப் படித்துவிட்டு ஒட்டுங்கள்.

சரி, கிடைத்ததால் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஃபோன் விடாமல் அடிக்கும் என்று நினைத்தோம். அடிக்கவில்லை. டைரக்டரியைப் பார்த்து முன்பின் தெரியாத ஒருவர் நேராக வந்தது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவை. பலன் வேறு இடத்தில் இருந்தது. ஏற்கெனவே எங்களை விரும்பும் ஒரு நிறுவனத்தின் சட்ட மேலாளர் தன் நிர்வாகத்திடம் போய், "ஏன் இவங்க? ஏன் பெரிய நிறுவனத்துக்குப் போகல?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாளைக்கு வழக்கு தோற்றால் அவர் தலைதான் உருளும். அந்த ஆளுக்குக் கையில் காட்ட ஒரு காகிதம். அது பெரிய உபகாரம் என்று அவர்களே சொல்கிறார்கள். வெளிநாட்டு அலுவலகம் ஒன்று உள்ளூரில் வக்கீல் தேடும்போதும் அப்படித்தான். 1868-இல் அந்த வியாபாரிக்கு இருந்த அதே தேவை. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களும் பார்க்கிறார்கள்.

எனக்கு அதிகம் பயன்பட்டது தரவரிசை அல்ல, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த கருத்துகள். யார் சொன்னது என்று தெரியாமல், கட்சிக்காரர்கள் எங்களைப் பற்றிச் சொன்னது. புகழ்ச்சி எல்லாவற்றையும் பார்ட்னர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார்கள். நான் ஒரு வரியைப் பிரிண்ட் எடுத்து அக்கவுண்ட்ஸ் அறைச் சுவரில் ஒட்டினேன். வேலை சுத்தம், ஆனால் எவ்வளவு வேலை நடந்தது என்பதே பில் வந்த பிறகுதான் தெரிந்தது, என்று ஒருவர் சொல்லியிருந்தார். யாராக இருக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு பார்ட்னர் கிளம்பினார். "யாரா இருந்தா என்ன சார், எல்லாருக்குமே அப்படித்தானே அனுப்பறோம்" என்றேன். அந்த மாதத்திலிருந்து, மதிப்பிட்ட தொகையில் முக்கால்வாசி தாண்டும்போதே கட்சிக்காரருக்கு ஒரு கடிதம் போகிறது: இதுவரை இவ்வளவு, மீதி வேலை இது, எஸ்டிமேட் தாண்டும் போலிருக்கிறது, தொடரலாமா. முதல் 3 மாதம் இந்தக் கடிதத்தால் 2 பேர் வேலையைக் குறைக்கச் சொன்னார்கள். வருமானம் போகிறதே என்று முணுமுணுப்பு. அந்த வருடம் பில் பாக்கிக்காக நான் எழுத வேண்டிய நினைவூட்டல்கள் வெகுவாகக் குறைந்தன, அதை யாரும் கவனிக்கவில்லை.

இந்த வருட விண்ணப்பம் போய் 2 மாதம் ஆகிறது. போன வாரம் அந்த மனிதவளத் துறைப் பெண்மணி கூப்பிட்டார். "மேடம், அந்த ஆராய்ச்சி ஆளுங்க பேசினாங்க. பத்து நிமிஷம்னு சொன்னீங்க, நாற்பது நிமிஷம் ஆயிடுச்சு."

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க."

"இல்ல இல்ல, நான்தான் நிறுத்தல. நல்லதாத்தான் சொன்னேன்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். உங்க சின்னப் பார்ட்னர் மெயில் எழுதினா எனக்கு ஒரு அகராதி வேண்டியிருக்குன்னு. தப்பா எடுத்துக்காதீங்க."

எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சின்னப் பார்ட்னர் நான்தான்.